கொலைகாரன் யார் என்று வந்து சொல்கிறேன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கத்திரி என்னை அவமானப்படுத்திவிட்டாள். அதுவும் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே.

கத்திரி என்பது நான் வைத்த பெயர். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இதைவிட அழகானதுதான், ஆனால் பொருத்தம் போதாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் தடுமாற்றம், எச்சில் சத்தம், பசித்த வயிற்றின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவது அவள் வேலை. இந்தப் பக்கம் உட்கார்ந்து நாவல்களை வாய்விட்டுப் படிப்பது என் வேலை. ஊரில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்கிறார்கள். மறு பாதி தூங்கிப்போகிறார்கள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இப்பல்லாம் உங்க மூச்சை வெட்டறதே எனக்குத் தனி வேலையா போச்சு."

"மூச்சு விடாம படிக்கணுமா?"

"முன்னெல்லாம் பக்கத்துக்கு நாலு மூச்சு. இப்ப வரிக்கு ரெண்டு. நேத்து வெட்டினதை மட்டும் ஒட்டினா இன்னொரு நாவலே தேறும்."

வயசாகுதுடி என்றேன். எனக்கு ஐம்பத்து மூன்று. வெளியில் நாற்பத்தெட்டு.

"வயசு எனக்கும்தான் ஆகுது. போய் டாக்டரைப் பாருங்க."

பார்க்க மாட்டேன். எழுநூறு பக்கக் கொலை நாவல் கையில் இருக்கிறது. பெரிய பங்களா, விஷம் குடித்த பணக்காரக் கிழவர், சந்தேகத்துக்கு ஏழு பேர். கடைசி அத்தியாயம் வரை யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. இருபத்தேழு வருடக் கல்யாணத்தில் அவர் என்னிடம் ஆவலாக எதிர்பார்க்கும் ஒரே விஷயம் இதுதான், அதையும் சும்மா கொடுத்துவிடுவேனா?

மார்ச் 6, வெள்ளி

மாடி ஏறும்போது நடுவில் நின்றேன். கைப்பிடிச் சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நடித்தேன். பின்னால் வந்த வீட்டுக்காரரும் நின்று அக்கறையாக அதே பெயின்ட்டைப் பார்த்தார். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறதாம். மேலே போக வேண்டிய ரத்தம் பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறதாம்.

சின்ன வயதில் அம்மா என்னை 'ஓட்டை வாய்' என்று திட்டுவாள். ஒரு ரகசியம் நிற்காதாம் என்னிடம். ஓட்டை மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிரிப்பாக எழுதுகிறேன். கை சில்லென்று இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

அறுவை மருத்துவரைப் பார்த்தோம். நல்ல உயரம், நல்ல பொறுமை. ஆனால் படம் வரையத் தெரியவில்லை. என் இதயத்தைத் தாளில் வரைந்து காட்டினார், நசுங்கிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. நிஜத்திலும் அப்படித்தானா என்று கேட்க நினைத்து, பயந்து, கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார், துணிக்கடைக்காரர் மாதிரி.

ஒன்று, மாத்திரையோடு காத்திருக்கலாம். ஆனால் இதயம் வீங்கிக்கொண்டே போகும், பிறகு தைத்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்தத் துணியை அவரே மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டு, தொடை வழியாகக் கம்பி விட்டு வால்வுக்கு ஒரு கிளிப் மாட்டுவது. "இதையே போடுங்களேன்" என்று தாவினேன். "அது ஆபரேஷன் தாங்காதவங்களுக்கும்மா. உங்க உடம்பு நல்லாத்தான் இருக்கு." நல்ல உடம்பாக இருந்தால் நெஞ்சைத் திறப்பார்களாம். மோசமான உடம்பென்றால் தொடையோடு விட்டுவிடுவார்களாம். என்ன நியாயம்!

மூன்று, என் வால்வையே தைத்துச் சரிசெய்வது. இதுதான் சிறந்தது, முதலில் இதைத்தான் முயல்வாராம். நெஞ்சு நடுவில் எலும்பை அறுத்துப் போகலாம், அல்லது வலப் பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே சின்ன வழியாகப் போகலாம்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். அவர் நில அளவையாளர். "எத்தனை சென்டிமீட்டர்?"

"நடுவுலன்னா இருபதுக்குப் பக்கமா. பக்கவாட்டுலன்னா ஆறு, ஏழு."

இவர் தலையாட்டினார். பக்கத்து மனைக்காரன் எல்லைக்கல்லை ஒழுங்காக நட்டுவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

"உங்களுக்குப் பக்கவாட்டே போதும்" என்றார் மருத்துவர். "ஆனா உள்ள போய்ப் பார்த்து, தைக்க முடியாத நிலையில இருந்தா, வேற வால்வு வைக்கணும். எதை வைக்கறதுன்னு நீங்க முன்னாடியே சொல்லிடணும். அப்ப எழுப்பிக் கேக்க முடியாது."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்று விலங்கின் சதையில் செய்தது. சத்தமில்லாதது. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகும், மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். மற்றது கார்பன். ஆயுசுக்கும் தாங்கும். ஆனால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அப்புறம்—

"அப்புறம், மூடும்போதெல்லாம் லேசா ஒரு டிக் சத்தம் வரும். அமைதியான இடத்துல கேக்கும். பழகிடும்."

அமைதியான இடத்தில்.

ஐயா, நான் வேலை பார்ப்பதே அமைதியான இடத்தில்தான். ஒரு ஈ உட்கார்ந்தால்கூட எழுந்து போய்த் துரத்தும் இடத்தில்!

மார்ச் 11, புதன்

தேன்குரல் ஃபோன் செய்தாள். எங்கள் தொழிலில் எனக்கு அடுத்தவள். அவள் கணக்குப்படி எனக்கு முந்தியவள். "குரல் ரொம்பக் களைப்பா இருக்கேக்கா" என்றாள். விசாரிப்பா அது? கோழியைத் தூக்கி எடை பார்ப்பது.

மார்ச் 13, வெள்ளி

நாத்தனார் வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே உட்கார ஆரம்பித்ததிலிருந்து பாதி டாக்டர். உலகத்தின் எல்லா வியாதிக்கும் அவளிடம் ஒரே வைத்தியம்: பல்லைக் காட்டு.

"அண்ணி, நெஞ்சைத் திறக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறங்க. பல்லுல சொத்தை இருந்தா எல்லாம் வீண்."

"என் வாயை மூடத்தான் ஆள் தேடிட்டிருக்காங்க. நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று அரைமணி நேரம் கேலி செய்தேன். வீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். ஆபரேஷனுக்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி ஒரு சான்று வாங்கி வர வேண்டுமாம். சொத்தைப் பல் கிருமி ரத்தத்தில் கலந்தால் வால்வில் போய்க் குடியேறிவிடுமாம்.

நாத்தனார் தன் பைக்குள்ளிருந்து அப்பாயின்ட்மென்ட் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். முன்கூட்டியே நேரம் குறித்து எடுத்து வந்திருக்கிறாள், ராட்சசி. நாளை காலை போகிறேன்.

வால்வு விஷயத்தில் அவள் கார்பன் கட்சி. "ஒரு தடவை திறந்தா போதாதா அண்ணி? எழுபது வயசுல மறுபடியும் யாரு உங்க பின்னாடி அலையறது? எனக்கு அப்ப மூட்டு வலி வந்திருக்கும்." அன்பு செலுத்தும் விதத்தைப் பாருங்கள்.

மார்ச் 16, திங்கள்

இன்று நான் ஒரு மனிதரைக் கடத்தினேன்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கனமான ஆள், கனமான குரல். பஸ் டிரைவர். மாசாமாசம் ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்க்க வருகிறாராம். காது தானாகவே நீண்டது எனக்கு. எதுக்கு?

"நெஞ்சுல கார்பன் வால்வு. பன்னெண்டு வருஷமாச்சு."

"டிக் டிக்குன்னு கேக்குமா?"

"யாருக்குத் தெரியும்? பஸ் சத்தத்துல ஹாரனே கேக்காது."

அவர் மனைவி அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்குக் கேக்கும். பொய் சொன்னா வேகமா ஓடும். நல்ல வசதி."

ஒரு டீ வாங்கித் தருகிறேன் என்று சொல்லி இருவரையும் ஆட்டோவில் ஏற்றி நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். கத்திரி என்னைப் பார்த்த பார்வையை வெட்டவே முடியாது. டிரைவரை என் நாற்காலியில் உட்காரவைத்து, என் மைக்கை அவர் முன் இழுத்து, கதவைச் சாத்தினோம்.

"என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேசாதீங்க. சும்மா இருங்க."

"அதான் கஷ்டம்" என்றாள் மனைவி.

இருந்தார். கத்திரி ஹெட்ஃபோனில் ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். முதலில் நாற்காலி முனகல். பிறகு அவர் மூச்சு. பிறகு, அதற்கும் அடியில்... டிக். டிக். டிக். சட்டைப் பையில் யாரோ வாட்சை மறந்துவிட்ட மாதிரி, சுத்தமாக.

"வெட்ட முடியுமாடி?"

கத்திரி உதட்டைப் பிதுக்கினாள். "உங்க வார்த்தை மேலயே விழும்க்கா. எதை வெட்டுறது, சத்தத்தையா, வார்த்தையையா?"

என் முகம் போன போக்கைக் கண்ணாடியில் நானே பார்த்தேன்.

அதற்குள் டிரைவருக்குத் தானும் கேட்க வேண்டுமாம். பதிவானதைப் போட்டுக் காட்டினோம். சத்தமாகச் சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. பெரிய கை இரண்டாலும் ஹெட்ஃபோனைப் பொத்திக்கொண்டார். ரொம்ப நேரம்.

"இவன்தானா?" என்றார். "இத்தனை வருஷமா நான்தான் ஓட்டறேன்னு நெனச்சேன். பின்னாடி உக்காந்து இவன்ல ஓட்டியிருக்கான்."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சரி, சரி, அந்தம்மா டீ வாங்கித் தரேன்னாங்க" என்றாள்.

டீ வாங்கிக் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு.

மார்ச் 17, செவ்வாய்

அப்படியானால் சதை வால்வுதான். சத்தமில்லாதது. முடிவு செய்துவிட்டேன். என் பிழைப்பு இது. பதினைந்து வருடம் கழித்து வருவது அப்போது வரட்டும்.

முடிவு செய்துவிட்டேனா?

மார்ச் 18, புதன்

படுக்கை விரிப்பு மாற்றும்போது வீட்டுக்காரர் தலையணையின் அடியில் ஒரு கடிகாரம். பழைய சாவி கொடுக்கும் அலாரம். பரணில் கிடந்தது. எடுத்து எண்ணெய் விட்டு ஓடவிட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தை எப்படி நான் கேட்காமல் தூங்கினேன் என்று ஆச்சரியப்பட்டு, என் குறட்டை ஞாபகம் வந்து ஆச்சரியத்தைக் கைவிட்டேன்.

"இது எதுக்கு இங்க?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். பதில் வர வழக்கம்போல இரண்டு பொத்தான் ஆயிற்று.

"பழகிக்கறேன்."

"எதுக்கு?"

"நீ அந்த டிக் டிக்கை வெச்சுக்கிட்டு வந்தா, பக்கத்துல படுக்கறவன் நான்தானே. என்னாலதான் நீ வேணாம்னுட்டேன்னு ஆயிடக் கூடாது."

நான் மைக்கைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் எழுபது வயதில் மறுபடி ஆபரேஷன் அறை வாசலில் உட்கார வேண்டுமே என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை எனக்கு. சே.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

ஒரு சதி செய்தேன். எனக்கு நானே கை குலுக்கிக்கொள்கிறேன்.

நாவலில் இன்னும் இருநூறு பக்கம் பாக்கி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். எனக்கு ஏதாவது ஆனால் மிச்சத்தைத் தேன்குரல்தான் படிப்பாள். படிக்கட்டும். ஆனால் கொலைகாரன் யார் என்பதை அவள் வாயால் சொல்லுவதா? என் ஐந்நூறு பக்கப் பாடு, அவளுக்குக் கைதட்டலா?

"கடைசி அத்தியாயத்தை இன்னைக்கே எடுத்துடலாம்டி. நடுவுல உள்ளதை எவ வேணும்னாலும் படிக்கட்டும். நான் செத்தாலும் கொலைகாரனைப் பிடிக்கறவ நான்தான்."

கத்திரி சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

அதில் ஒரு வாக்கியம் வருகிறது, பாவி எழுத்தாளர் அரைப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே வைக்கவில்லை. துப்பறிகிறவர் ஏழு பேரையும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொருவராக விலக்கி, கடைசி ஆளிடம் போய் விரலை நிறுத்துகிறார். ஆளுக்கு ஆள் நின்றேன். ஒரு ஆளிடம் இரண்டு தடவை நின்றேன். கத்திரி நடுவில் நிறுத்தவேயில்லை. முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேடினாள். அந்த அறையில் தேட ஒன்றுமே கிடையாது.

மார்ச் 23, திங்கள்

ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில், பச்சை அங்கி, முதுகுப் பக்கம் திறந்து காற்றோட்டமாக இருக்கிறது. மானம் காக்க மூன்று முடிச்சு. இரண்டுக்குக் கயிறு இல்லை.

மருத்துவர் வந்து கேட்டார். "தைக்க முடியலைன்னா எதை வைக்கட்டும்?"

"டிக் டிக்."

எழுத எடுத்த பேனாவை நிறுத்தினார். "உங்க தொழிலுக்கு அது..."

"கூட்டம் நடக்கற கல்யாண மண்டபத்துல அறிவிப்பு சொல்லிப் பிழைச்சுக்கறேன். ஒரு தடவைதான் திறக்கலாம்னு வீட்டுல முடிவாயிடுச்சு."

வீட்டில் யாரும் முடிவு செய்யவில்லை. வீடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எதுவோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. இரண்டு பொத்தான் நேரம்.

"அந்தத் தோட்டக்காரன்தானே?"

"என்னது?"

"கிழவருக்கு விஷம் வெச்சது. யாருன்னு சொல்லிட்டுப் போ."

சிரித்தால் நெஞ்சு அடைத்தது, இருந்தாலும் சிரித்தேன். "வந்து சொல்றேன்."

மார்ச் 24, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டார்கள். பேனா மூடியைத் தேடுகிறேன். கையில்தான் இருக்கிறது.

மார்ச் 28, சனி

இருக்கிறேன்.

கண் விழித்தபோது வாயில் குழாய். பேச முடியாது. என் வாழ்க்கையில் பேசுவதற்கு இவ்வளவு விஷயம் இருந்ததும் அன்றைக்குத்தான். முதல் வேலையாக உற்றுக் கேட்டேன். பக்கத்தில் இயந்திரம் பீப் பீப் என்கிறது. எங்கோ ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது. உள்ளே? ஒன்றும் இல்லை. இல்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா?

நர்ஸ் வந்தாள். கேட்டே ஆக வேண்டும். ஆள்காட்டி விரலைத் தூக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன், கடிகார ஊசல் மாதிரி. டிக், டிக்.

"மணியாம்மா? ரெண்டே கால்."

இல்லையென்று தலையசைத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மறுபடி ஆட்டினேன்.

"மத்தியானம் ரெண்டே கால்மா. பயப்படாதீங்க."

மூன்றாம் தடவை இன்னும் வேகமாக ஆட்டினேன். அவள் பாவம், சுவர்க் கடிகாரத்தையே கழற்றிக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது டிக் டிக் என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "வலிக்குதாம்மா?" என்று ஊசி போட்டுவிட்டாள்.

அடுத்த முறை விழித்தபோது வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், முகமூடிக்கு மேலே கண் மட்டும். விரலைத் தூக்கினேன். ஆட்டக்கூட இல்லை.

"டிக் டிக் இல்ல" என்றார். "உன்னோடதையே தைச்சுட்டாங்க. நல்லா வந்திருக்காம். ஆறரை சென்டிமீட்டர்."

பிறகு குனிந்து காதோரம், "யாரு? தோட்டக்காரனா?"

கண்ணை மூடிக்கொண்டேன். குழாய் இருக்கிற சாக்கு எத்தனை நாளைக்குக் கிடைக்கும்?

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. இருமினால் விலாவில் யாரோ மரம் அறுக்கிறார்கள். அது பரவாயில்லை.

குரல் இல்லை. குழாய் உராய்ந்த தொண்டை. வாயைத் திறந்தால் மழைக்காலத் தவளை. "சில வாரத்துல சரியாகும், பெரும்பாலும்" என்றார்கள். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைத்தான் நாளெல்லாம் மென்றுகொண்டிருக்கிறேன். டிக் சத்தத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடினேன்! டிரைவரை வேறு கடத்தினேன். தொண்டைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாத்தனார்: "அண்ணி பேசாம வீடு எவ்வளவு அமைதியா இருக்கு!" கையெடுத்துக் கும்பிட்டு வெளியே போகச் சொன்னேன். போகாமல் எனக்குத் தலை வாரிவிட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கடிகாரத்தை எடுத்து மறுபடி பரணில் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் திரும்பவும் தலையணைக்கடியில். "அது இல்லாம தூக்கம் வரல" என்கிறார். எனக்கு வால்வைத் தைத்தார்கள், இவருக்கு டிக் டிக் வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

'அ' வந்தது. 'ஆ' பாதியில் உடைந்தது.

மே 4, திங்கள்

தேன்குரல் பழக்கூடையோடு வந்தாள். நாவலின் மிச்சத்தை அவளிடம் கேட்டார்களாம். "முடியாதுன்னுட்டேன்க்கா. கடைசி அத்தியாயத்தைக் கத்திரி போட்டுக் காட்டினா. அதுக்கு முன்னாடி என்னால எதையும் படிச்சு ஒட்ட முடியாது" என்றாள். அழுதிருப்பாள் போல.

இவளைத் திட்டி எழுதிய பக்கங்களைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நன்றாக வந்திருக்கின்றன.

மே 26, செவ்வாய்

கூடத்துக்குப் போனேன். மாடி ஏறி முடித்த பிறகுதான், பெயின்ட்டைப் பார்க்க நிற்கவில்லை என்பது உறைத்தது. குரல் முன்பைவிட ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. "கொலைக்கு இதுதான் தோது" என்றாள் கத்திரி. நடு அத்தியாயங்களை ஆரம்பித்தோம்.

ஜூன் 9, செவ்வாய்

எல்லாம் முடிந்தது, கடைசி அத்தியாயம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று பையைத் தூக்கினேன். கத்திரி அதைப் போட்டுக் காட்டினாள்.

"இதை வெச்சுக்க முடியாதுக்கா. கேட்டா கொலைகாரன் மேலயே பரிதாபம் வருது. சாகப்போறவ படிச்ச மாதிரி இருக்கு."

"சாகப்போறவதான்டி படிச்சேன்."

"அவ இப்ப இல்லையே. வேற ஆளா வந்து படிங்க."

வீட்டுக்காரரும் வந்திருந்தார், என்னைக் கூட்டிப் போக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அருகில் உட்கார்ந்து, இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். தேர்வு எழுதப் போகிறவர் மாதிரி முகம்.

படித்தேன். அரைப் பக்க வாக்கியம் வந்தது. முதல் ஆள், இரண்டாம் ஆள், சமையல்காரி, மருமகன், போகிறேன், போய்க்கொண்டே இருக்கிறேன், தோட்டக்காரனைத் தாண்டியபோது அந்தப் பக்கம் ஒரு முகம் விழுந்தது தெரிந்தது, நிற்கவில்லை, கடைசி ஆள் வரை போய் விரலை நிறுத்தினேன்.

வெட்ட மூச்சு இல்லாமல் கத்திரியின் கை மேசைமேல் சும்மா கிடந்தது. பிறகு ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

இவர் ஹெட்ஃபோனைக் கழற்றி, இரண்டு பொத்தான் நேரம் எடுத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

தெரியுமாம்! மூன்று மாதமாகத் தோட்டக்காரனைத் தூக்கில் போட்ட மனுஷன்!

யார் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதி வைத்துவிட்டுப் போகும் அவசரம் எதுவும் எனக்கு இப்போது இல்லை.